பனியில் வரைந்த சரிவு

மலைக்குக் குணம் பார்க்கச் சென்னையிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்ற பேச்சு ஏற்காடு ஜீப் ஸ்டாண்டை எட்டியபோது முதலில் சிரித்தவர் டிரைவர் மரியஜோசப்தான். "பொண்ணுக்குக் குணம் பாத்துக் கேள்விப்பட்டிருக்கேன். மலைக்குமா பாப்பாங்க?" என்று மற்ற டிரைவர்கள் முன்னால் கேட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். வந்து பார்த்தால், அந்த வேலையில் அவருடைய மனைவி செல்வமேரியே சேர்ந்திருந்தாள்.

"ஏனுங்க, சிரிக்காதீங்க. படம் வரையறதுக்குத்தான் என்னையக் கூப்புட்டிருக்காங்க."

"சிரிக்கல புள்ள. எனக்குப் பொண்ணு பாக்கறப்ப இந்த மாதிரி ஆளுங்க வந்திருந்தா நொம்ப உதவியா இருந்திருக்கும்."

"வந்திருந்தா எங்கப்பா உசாராயிருப்பாரு. உக்காந்து சாப்புடுங்க."

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள் அவை. காப்பி விலை இறங்கியதும், எஸ்டேட்டைத் துண்டு போட்டு பங்களா மனைகளாக விற்றுவிடலாம் என்ற எண்ணம் முதலாளிமார் சிலருக்கு வந்திருந்தது. மனை போட அனுமதி கொடுப்பதற்கு முன்னால் அந்த இடம் எப்படிப்பட்டது, அதில் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று பார்த்துச் சொல்லும் வேலைக்குத்தான் காமாட்சி என்ற பெண் வந்திருந்தாள். சாலையில் சில இடங்களில் நின்று, எதிரே தெரியும் சரிவைப் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். முதல் தரம் என்றால் அப்படியே விட்டுவிட வேண்டும். இரண்டாம் தரம் என்றால் அடக்கமாகக் கொஞ்சம் கட்டிக்கொள்ளலாம். மூன்றாம் தரம் என்றால் எதை வேண்டுமானாலும் கட்டலாம், கேள்வியே இல்லை.

"போட்டோ எடுத்தா எல்லாமே ஒரே பச்சையா விழுது, டீச்சர். எது காப்பி, எது காடு, எது பாதைன்னு பிரிச்சுக் காட்ட கையால வரைஞ்சாத்தான் சரிப்படும்," என்றாள் காமாட்சி.

செல்வமேரி மிஷன் பள்ளியில் டிராயிங் டீச்சர். அந்த வேலைக்கு அவள் வந்த கதையும் ஒரு மாதிரியானதுதான். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது சயின்ஸ் டீச்சருக்குச் செம்பருத்திப் பூவின் குறுக்குவெட்டு கரும்பலகையில் கோணிக்கொண்டே போனது. "இங்க வா, நீ போடு" என்று சாக்பீஸை இவள் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து தவளை, இதயம், மண்புழு என்று பள்ளிக்கூடத்துப் படங்களெல்லாம் இவள் தலையில் விழுந்தன. பிறகு அதுவே படிப்பாகி, வேலையும் ஆயிற்று. எதையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள். சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போதுகூட அப்படித்தான். "வாங்கப் போறியா, வரையப் போறியா?" என்று மரியஜோசப் கேட்பார்.

அவள் பிறந்தது கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில். அக்கா ஆரோக்கியசெல்வி அதே லைனில் வாக்கப்பட்டு, அதே சரிவில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டு, இன்னமும் அங்கேதான் இருக்கிறாள். மனை போடக் கேட்டிருந்த சரிவுகளில் அதுவும் ஒன்று. மனை வந்தால் லைன் போகும். லைன் போனால் அக்காவுக்குப் போக வேறு இடம் இல்லை. காமாட்சியிடம் இதைச் சொல்ல செல்வமேரி இரண்டு முறை வாயெடுத்தாள். சொந்தம் இருக்கிறது என்றால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டாள்.

மற்ற இடங்களையெல்லாம் வரைந்து முடித்தாயிற்று. கடைசியாக இருந்தது அந்தச் சரிவுதான். அதற்குள் ஆனி மாதத்து மூடுபனி வந்து உட்கார்ந்துகொண்டது. சாலை வளைவில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றால் அதன் கைப்பிடி தெரியும், அதற்கப்பால் வெள்ளை. மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான். பனிக்குள்ளிருந்து ரம்பம் அறுக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அந்தச் சத்தத்தை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வெளியூர் ஆளாக இருந்தால் என்ன அறுக்கிறார்கள் என்று கேட்டிருப்பார். காப்பிக்கு நிழல் தரும் மரங்களின் கிளையைப் பெருமழைக்கு முன்னால் கழித்துவிடுவது வருஷா வருஷம் நடப்பது. அவள் தொட்டிலில் கிடந்தபோதே கேட்ட சத்தம். 'இந்த வருஷம் கொஞ்சம் பிந்திப் போச்சு போல' என்று நினைத்துக்கொண்டதோடு சரி.

காமாட்சி சென்னைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. செல்வமேரி ஜீப்புக்குள் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து, கண்ணை மூடித் திறந்து, வரைய ஆரம்பித்தாள். பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. மேலே உச்சி வரைக்கும் சில்வர் ஓக் மரங்கள், தண்டில் ஏறிய மிளகுக்கொடி, அடியில் காப்பிச் செடிகளின் இருட்டு. சரிவின் நடுவில் இருக்கிற லைன் வீடுகளும் மாதா கோயிலும் அந்த வளைவிலிருந்து எப்போதுமே தெரியாது, மரம் மறைக்கும். அதனால் அவற்றை வரையவில்லை. பென்சில் தானாக நடந்தது. அவள் வரைந்ததிலேயே அதுதான் நல்ல படம்.

காமாட்சி அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தாள். "இது முதல் தரம்தான், டீச்சர். மனுஷக் கை படாத சரிவு மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

செல்வமேரிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. நல்ல செய்தியை ஏற்காட்டுக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அக்காவிடம் சொல்லலாம் என்று, அந்தப் படத்துக்கு முதலில் போட்டுப் பார்த்த கரட்டுப் படத்தையும் பையில் மடித்து வைத்துக்கொண்டு போனாள். அக்கா பூசைக்கு வரவில்லை. மழைக்கும் காய்ச்சலுக்கும்கூடத் தவறாதவள். மரியஜோசப் ஜீப்பை எடுத்தார்.

வளைவுக்கு வரும்போது பனி கிழிந்துகொண்டிருந்தது. "நிறுத்துங்க," என்றாள் செல்வமேரி.

சரிவின் மேல் பாதியில் ஒரு மரம்கூட இல்லை. அறுத்த அடிக்கட்டைகள் ஈரத்தில் செம்மண் நிறத்தில் தெரிந்தன. மிளகுக்கொடிகள் தரையில் சுருண்டு கிடந்தன. நிழல் போன காப்பிச் செடிகள் வெட்கப்பட்டவை போல் நின்றன. நடுவில், அந்த வளைவிலிருந்து அவள் ஒருநாளும் பார்த்திராத தகரக் கூரைகள், வரிசையாக.

"கெளையத்தான் கழிக்கறாங்கன்னு நெனைச்சேனுங்க," என்றாள். மரியஜோசப் வண்டியை எடுத்தார்.

வழி நெடுக மரத்துண்டுகள் குறுக்கே கிடந்தன. அக்கா பூசைக்கு வராததன் காரணம் புரிந்தது. அவர்கள் இறங்கி, தாண்டித் தாண்டி ஏறிப் போனபோது ஆரோக்கியசெல்வி வாசலில் சுள்ளி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாப்ள. வாடி கண்ணு. ஒரு வருசத்துக்கு வெறகு வந்து உழுந்திருக்குது, பாத்தியா?"

செல்வமேரி அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள்.

"இதுக்கு எதுக்குப் புள்ள அழுவறே?" என்றார் மரியஜோசப். "தரத்தைக் கொறைக்கத்தானே எஸ்டேட் மொதலாளி வெட்டியிருக்கான்? உன் படத்துல மரம் இருக்குதில்ல, இருக்கட்டும். மெட்ராசுல இருந்து ஆரு வந்து எண்ணப் போறா? நீ போய்ச் சொன்னா, வெட்டுனவனுக்குத்தான் கொண்டாட்டம்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை என்று அவளுக்கும் பட்டது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஆரோக்கியசெல்வி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கரட்டுப் படத்தை வாங்கினாள். திருப்பினாள், தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நொம்ப நல்லாருக்குது கண்ணு. எங்க ஊடு எங்கடி?"

"அங்கிருந்து பாத்தாத் தெரியாதுக்கா. மரம் மறைக்கும்."

"அப்ப கோயிலு?"

"அதுவும் தெரியாது."

"ஏண்டி, இதப் பாத்தா இங்க ஒரு சனமும் இல்லைன்னுல்ல நெனைப்பாங்க? ஆளே இல்லாத எடத்துல எங்களைய ஆரு இருக்க உடுவா? மரத்தைக் காப்பாத்திப்போட்டு எங்களைத் தொரத்தி உட்டுருவாங்களே." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "காப்பி போடட்டுமா, இல்ல காப்பி குடிக்கற ஆளும் தெரியாதா உனக்கு?"

செல்வமேரி சிரிக்கவில்லை. மனுஷக் கை படாத சரிவு என்று காமாட்சி சொன்னது அப்போதுதான் அவள் மனசில் உறைத்தது. தன் அம்மா காப்பிப் பழம் பறித்துப் பறித்துக் கை காய்த்துப்போன சரிவு அது.

கடுங்காப்பியைக் குடித்துவிட்டு அவள் வளைவுக்குத் திரும்பினாள். வண்டியை விட்டு இறங்கி, தெரிந்ததை மட்டும் வரைந்தாள். அடிக்கட்டை, சரிந்த கொடி, கூரை, கூரை மேல் புகை, லைனிலிருந்து கோயிலுக்கு ஏறும் பாதை, பாதையில் குடத்தோடு போன ஒரு பெண். இந்தப் படம் அழகாக வரவில்லை. கை பல இடத்தில் தயங்கியது தெரிந்தது. மரியஜோசப் அவள் தலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றார். தன் பேச்சை அவள் கேட்கவில்லை என்று தெரிந்தும், குடையை மட்டும் சாய்க்கவில்லை.

அடுத்த வாரம் காமாட்சி வந்தபோது இரண்டு படங்களையும் சேர்த்து அவள் முன்னால் வைத்தாள்.

"மேடம், மொதல்ல குடுத்தது நான் பாக்காம வரைஞ்சது. பனியில ஒண்ணும் தெரியல. தெரிஞ்ச எடந்தானேன்னு வரைஞ்சுட்டேன். எங்கக்கா ஊடு அங்கதான் இருக்குது. அதையும் சொல்லாம விட்டுட்டேன்."

காமாட்சியின் முகம் மாறியது. "இத மொதல் நாளே சொல்லியிருக்கணும், டீச்சர். இதை நம்பி நான் எழுதியாச்சு. இப்ப இத வெளிய யாராவது கண்டுபிடிச்சிருந்தா நீங்க வரைஞ்ச மத்த சரிவும் சேர்ந்து போயிருக்கும்."

"தெரியுதுங்க."

"முதல் தரம் இனிமே கிடைக்காது. அதுவும் தெரியுமா?"

"தெரியுதுங்க," என்றாள் மறுபடியும்.

காமாட்சி எழுந்தாள். மரியஜோசப்பின் ஜீப்பில் ஏறி, செல்வமேரியையும் கூட்டிக்கொண்டு சரிவுக்கே போனாள். லைன் முழுக்க நடந்தாள். கோயில் படியில் உட்கார்ந்து கீழே பார்த்தாள். ஆரோக்கியசெல்வி அவளைச் சும்மா விடவில்லை. "ஏனுங்கம்மா, மலைக்குக் குணம் பாக்கறீங்களாமே, எங்களுக்கும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. இந்தாளு குணம் நாப்பது வருசமா எனக்குப் புடிபடல," என்று தன் புருஷனைக் காட்டினாள். காமாட்சி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு செல்வமேரி பக்கம் திரும்பியவள், அவளைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

அறிக்கை ஐப்பசியில் வந்தது. சரிவுக்கு இரண்டாம் தரம். மேலே, மரம் போன இடத்தில், இடைவெளி விட்டுச் சில வீடுகள் கட்டலாம். லைன், கோயில், இரண்டுக்கும் நடுவிலுள்ள பாதை, பாதைக்குக் கீழே மிச்சமிருக்கிற மரங்கள், இவற்றைத் தொடக் கூடாது. 'ஆட்கள் வாழ்ந்து உருவாக்கிய சரிவு' என்று காமாட்சி எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு மலையில் வேறு இரண்டு வேலைகளுக்கு அவள் வந்துபோனாள். வரைவதற்குச் சேலத்திலிருந்து வேறு ஆள் வந்தார். செல்வமேரி அதைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் செம்பருத்திகளும் தவளைகளும் அவளுக்காகக் காத்திருந்தன.

மாசி மாதத்தில் ஒருநாள் காலையில் அக்காவைப் பார்க்கப் போனாள். மேலே முதல் பங்களாவுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டிய கட்டைகளைப் பார்க்காமல் இருக்கத் தலையைக் குனிந்துகொண்டே ஏறினாள்.

லைன் வாசலில் சாக்கு விரித்து ஆரோக்கியசெல்வி மிளகு காயப் போட்டிருந்தாள். பின்னாலிருக்கும் பலாமரத்துக் கொடியில் பறித்தது. இத்தனை வருஷமாக அதைக் கூடையில் சுமந்துபோய் ரோட்டோரத்தில்தான் காயப்போடுவாள். வாசலில் அந்நேரத்துக்கு வெயில் விழுந்ததே இல்லை.

இப்போது விழுந்திருந்தது. சாக்கின் மேலும், சுவரின் மேலும், அக்காவின் நரைத்த தலையின் மேலும்.

"உக்காரு கண்ணு," என்று சாக்கின் ஓரத்தை ஒதுக்கினாள் ஆரோக்கியசெல்வி. மிளகை ஒருமுறை கையால் கிளறிவிட்டாள். பிறகு, யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பது போல் குரலைத் தாழ்த்தினாள்.

"அத்தனை மரம் போச்சுது. சொல்லவே கூச்சமா இருக்குதுடி. இந்த வெயிலு நல்லாருக்குது."

செல்வமேரி செருப்பைக் கழற்றிவிட்டு அக்காவின் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.