வீட்டில் வசிக்கும் ஏனைய பெரியவர்கள்

எங்கள் வீட்டுக்கு வரும் தாள்கள் எல்லாவற்றையும் பத்து வயதிலிருந்து நான்தான் நிரப்பி வருகிறேன். வாடகை உதவிக்கு, அப்பாவின் வதிவிட காட் புதுப்பிக்க, பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு. பிரெஞ்சுத் தலைநகரில், லா ஷப்பலில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இந்த உத்தியோகம் உண்டு. சம்பளம் இல்லை, லீவு இல்லை, பிழைவிட்டால் ஏச்சு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். நான் கெதியாக எழுதுவேன். மற்றவர்கள் ஒரு கிழமை வைத்துக் கும்பிடும் தாளை இருபது நிமிடத்தில் முடித்துவிடுவேன் என்பதில் எனக்கு ஒரு தடிப்பும் இருந்தது.

அந்தத் தடிப்பால்தான் அம்மாவின் வேலை போகப் பார்த்தது.

அம்மா வீட்டில் வைத்துப் பிள்ளைகள் பார்ப்பவர். மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ நிலையத்துக்குக் கிட்ட, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி எங்களுடையது. அப்போது காலை எட்டரைக்கு இரண்டு குழந்தைகள் வரும். ஒன்று, மூன்று வயதை எட்டப்போகும் சுருட்டைமுடிக்காரி. மற்றது பத்து மாதக் கைக்குழந்தை. இந்த வேலைக்கு நகரசபையின் அனுமதிப் பத்திரம் வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும்.

முதல்முறை விண்ணப்பித்தபோது எனக்குப் பதினைந்து வயது. தாளில் ஒரு வரி இருந்தது: வீட்டில் வசிக்கும் ஏனைய பெரியவர்கள். அப்பா அப்போது ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓர் உணவகத்தில் சமையல், படுக்கையும் அங்கேதான். மாதத்தில் இரண்டு திங்கட்கிழமை வந்துபோவார்.

"ஒருத்தரும் இல்லையெண்டு போடு" என்றார் அம்மா. போட்டேன். அதில் அரைவாசி உண்மைதான்.

பத்திரம் புதுப்பிப்பதற்கு இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவின் வலது கையில் கொதியெண்ணெய் ஊற்றுண்டது. ஆறிய பிறகும் விரல்கள் முழுதாக மடங்கவில்லை. கத்தி பிடிக்க முடியாத சமையல்காரனை யார் வைத்திருப்பார்கள்? ஒரு சூட்கேஸோடு வீட்டுக்கு வந்தார், பிறகு போகவில்லை. முதல் மாதம் ஜன்னலடியில் கதிரையைப் போட்டு, கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் போகும் தண்டவாளங்களைப் பார்த்தபடி இருந்தார். சுருட்டைமுடிக்காரி தவழ்ந்து போய் அவருடைய சாரத்தைப் பிடித்து எழும்பி நின்றாள். அன்றிலிருந்து அவருக்கு வேலை கிடைத்தது. முழங்கால் வருத்தக்காரியான அம்மாவுக்குப் பதிலாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். மடங்காத விரல்களுக்கு இடையில் கரண்டியைச் செருகிக் கரட் கூழ் ஊட்டினார். நான் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் அவரை "அப்பா" என்றாள்.

பிள்ளைகளை அம்மாவைத் தவிர வேறு ஒருவரிடமும் தனியே விடக்கூடாது என்பது சட்டம். விட்டதேயில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

வருடத்துக்கு ஒருமுறையாவது நகரசபையிலிருந்து ஒரு தாதி பார்க்க வருவார். ஃபோன் வந்ததும் வீட்டில் வேறொரு வேலை தொடங்கும். அப்பாவின் சாரம், சவரச் சாமான், கோட் எல்லாம் சூட்கேஸுக்குள் போய் அலுமாரிக்கு மேலே ஏறும். அப்பா ரூ லூயி-பிளாங் தெருவுக்கு நடந்து, அங்கே தமிழ்க் கடையொன்றில் இரண்டு தேத்தண்ணியோடு நான் ஃபோன் எடுக்கும்வரை இருப்பார். அங்கே இருப்பவர்களுக்கு விஷயம் தெரியும்.

"என்ன அண்ணை, இண்டைக்கும் நீங்கள் வீட்டிலை இல்லையோ?"

"ஓம் தம்பி. மனிசி கலியாணம் கட்டாத ஆள் மாதிரி இருக்கிறா. பின்னேரம் திரும்பவும் கட்டுவம்."

அப்பா வந்து இதைச் சொல்லும்போது நானும் சிரித்தேன். குழந்தைகள் இருக்கும் இடத்தில் ஓர் ஆம்பிளை இருப்பது பிரெஞ்சுக்காரருக்குப் பிடிக்காது, அம்மா அதற்குத்தான் பயப்படுகிறார் என்று நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். கேட்டதில்லை. தாள் எழுதுபவளுக்குக் கேள்வி எதற்கு?

புதுப்பிக்கும் முறை வந்தது. அந்த வரியில் பேனையை வைத்துக்கொண்டு, "அப்பாவையும் போடட்டோ?" என்றேன்.

"பழையபடி விடு."

விட்டேன். இருபது நிமிடம்.

தாதி வந்த அன்று எனக்கு வகுப்பு இல்லை. நடுத்தர வயது, மூக்குக்கண்ணாடி, சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். அதனாலேயே அம்மாவுக்கு அவர்மேல் ஒரு மரியாதை. தொட்டில், ஜன்னல் பூட்டு, மருந்துப் பெட்டி எல்லாம் பார்த்தார். எல்லாம் சரி. குறிப்பெழுதிய கோப்பை மூடப்போனார்.

அப்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது. மேல்மாடிக்காரர் யாரோ. சுருட்டைமுடிக்காரி விளையாட்டைப் போட்டுவிட்டு எழும்பினாள். தொட்டிலுக்கு அடியில் கையை விட்டு அப்பாவின் வீட்டுச் செருப்பு இரண்டையும் இழுத்து எடுத்தாள். நாங்கள் ஒளிக்க மறந்துபோனது அது ஒன்றைத்தான். வாசல் கால்மிதியில் இரண்டையும் சோடியாக, முனை வீட்டுக்குள் பார்க்க வைத்துவிட்டு, பக்கத்தில் குந்தினாள்.

"அப்பா" என்றாள்.

"யாருடையது?" என்று தாதி கேட்டார்.

"என்னுடைய அப்பாவின். எப்போதாவது வருவார்." நான் கெதியாகச் சொன்னேன். எனக்குத் தெரிந்த வேகம் அதுதான்.

தாதி செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "வருபவர் காலை நேராக நுழைக்கும்படி திருப்பி வைத்திருக்கிறாள். எப்போதாவது வருபவருக்கு இரண்டு வயதுப் பிள்ளை இப்படி வைக்காது, மத்மோசெல்."

நான் இன்னொரு பொய்யைத் தேடுவதற்குள் அம்மா தன்னுடைய உடைந்த பிரெஞ்சில் சொன்னார்: "அவர் இங்கே இருக்கிறார். இரண்டு வருடம். மறைத்தது மகள் இல்லை. நான்."

"ஏன் மறைத்தீர்கள்?"

அம்மாவின் பிரெஞ்சு அங்கே முடிந்துபோனது. என் பக்கம் திரும்பினார். "நான் சொல்லுறன், நீ அவவுக்குச் சொல்லு பிள்ளை. ஒண்டையும் கூட்டாதை, குறைக்காதை."

அம்மா சொன்னது இவ்வளவுதான். ஊரில் அவருக்குப் பதினொரு வயது. ஆமிக்காரர் வீடுவீடாக வந்து, வீட்டில் ஆர் ஆர் இருக்கினம், ஆம்பிளையள் எத்தினை பேர் என்று கேட்பார்கள். கதவைத் திறப்பவர், ஆம்பிளையள் இல்லை என்று சொல்லவேண்டும். ஒருநாள் கதவைத் திறந்தது அம்மா. பொய் சொன்னால் பாவம் என்று கோயிலில் படிப்பித்திருந்தார்கள். "ஓம், அண்ணை உள்ளை படிச்சுக்கொண்டிருக்கிறார்" என்று சொன்னார். அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான்.

"அதுக்குப் பிறகு தாளோடை ஒருத்தர் வந்து கேட்டா, என்ரை வாய் இல்லையெண்டுதான் சொல்லுது. இது வேறை நாடு எண்டு எனக்குத் தெரியும். வாய்க்குத் தெரியேல்லை."

அந்த அண்ணனின், என் மாமாவின், படம் வீட்டில் இருக்கிறது. சண்டையில் செத்தவர் என்று மட்டும்தான் அதுவரை எனக்குத் தெரியும். நான் அதைப் பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினேன். நடுவில் நின்றேன், திரும்பத் தொடங்கினேன். என் வாழ்க்கையிலேயே ஆக மெதுவாகப் பேசிய பிரெஞ்சு அது.

தாதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு கோப்பைத் திறந்தார்.

"நான் எழுதத்தான் வேண்டும், மதாம். முதலிலேயே அவர் பெயர் இருந்திருந்தால் அவர்மேல் குற்றப்பதிவு இல்லை என்று ஒரு சான்று எடுத்திருப்போம், முடிந்திருக்கும். இப்போது மறைத்தார்கள் என்று எழுதவேண்டியிருக்கிறது. ஏன் மறைத்தீர்கள் என்பதையும் எழுதுவேன்." வாசலில் சப்பாத்தைப் போடும்போது என்னிடம் சொன்னார்: "அவர் உண்மையாகவே உதவி செய்கிறார் என்றால், அவரே தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். அதுவரை தனியே ஒரு நிமிடமும் வேண்டாம்."

முடிவு வரும்வரை பத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் பெற்றோருக்கு நாங்களே சொன்னோம். கைக்குழந்தையின் தகப்பன் அமைதியாகக் கேட்டுவிட்டு, அடுத்த கிழமை பிள்ளையை வேறிடத்தில் சேர்த்தார். அவரில் பிழை சொல்லமாட்டேன். சுருட்டைமுடிக்காரியின் தாய், "அவர் இருப்பது எனக்குத் தெரியுமே. நகரசபைக்கும் தெரியும் என்றல்லவா நினைத்தேன்" என்றார். மகளை அனுப்பிக்கொண்டேயிருந்தார். அப்பா மட்டும் தானாகவே தள்ளி நின்றார். அம்மா குளியலறைக்குப் போனால் அவர் படிக்கட்டில் போய் நின்றார். பிள்ளை உள்ளேயிருந்து கதவைத் தட்டினாள்.

அப்பா தன் பெயரில் விண்ணப்பிக்கும் தாள் வந்ததும் நான் பேனையை எடுத்தேன்.

"வேண்டாம்" என்றார் அப்பா. "நீ கெதியா எழுதுவாய். இதை நான் எழுதிறன்."

"அந்தக் கையாலையோ?"

"நானூறு பேர் வந்த கலியாணத்துக்குச் சமைச்ச கை. ஒரு தாளுக்கு வழியில்லாமல் போகாது."

இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. எழுத்துகள் தாளில் வரிசை தப்பிய கோழிக்குஞ்சுகள் மாதிரிப் போயின. ஏன் இந்த வேலை வேண்டும் என்று கேட்ட பெட்டிக்கு நான் அழகான ஒரு பந்தி யோசித்து வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். எழுதியது மூன்று வசனம்: நான் இந்த வீட்டில் இரண்டு வருடமாக இருக்கிறேன். பிள்ளை எப்போது நித்திரை கொள்ளுவாள் என்று எனக்குத் தெரியும். அவள் கதவைத் தட்டும்போது திறக்க விரும்புகிறேன். பிரெஞ்சில் நான்கு பிழை இருந்தது. நான் ஒன்றையும் திருத்தவில்லை.

அவரைப் பற்றிய சான்று வந்தது. மருத்துவர் கையைப் பார்த்துக் கையெழுத்து வைத்தார். தாதி இன்னும் இரண்டுமுறை வந்தார், அப்பாவைப் பிள்ளைக்கு உணவூட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அம்மாவின் கடிதம் வந்தது: கடுமையான ஒரு கண்டிப்பு, அதற்குக் கீழே புதுப்பிப்பு. அப்பாவுக்குப் பயிற்சி முடித்தால் அனுமதி என்று பிறகு வந்தது. பயிற்சி வகுப்பில் பதினாறு பெண்கள், ஓர் ஆண். பொம்மையைக் குளிப்பாட்டும் சோதனையில், தண்ணீர்ச் சூட்டை இடது கையால் பார்த்தாராம். ஏன் என்று கேட்டார்களாம். வலது கைக்குச் சூடு தெரியாது என்று சொன்னாராம். அதையும் எழுதிக்கொண்டார்களாம்.

போன கிழமை தண்ணி மீற்றர் பார்க்க ஒரு இளம் பெடியன் கதவைத் தட்டினான். கையில் ஒரு பட்டியல். அம்மாதான் திறந்தார். நான் உள்ளே படித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஜன்னலடியில் பிள்ளைக்கு ரயில் காட்டிக்கொண்டிருந்தார்.

"வீட்டில் எத்தனை பேர், மதாம்?"

அம்மாவின் ஒரு கை கதவின் விளிம்பைப் பிடித்திருந்தது. என் வாயில் பதில் நின்றது, எழும்பிப் போய்ச் சொல்ல ஒரு நொடி போதும். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"மூன்று" என்றார் அம்மா பிரெஞ்சில். செருமிக்கொண்டு திரும்பவும் சொன்னார். "மூன்று. என்னுடைய கணவர் உள்ளே இருக்கிறார்."

பெடியன் தலையை நிமிர்த்தாமல் குறித்துக்கொண்டான்.

கதவைச் சாத்திவிட்டு அம்மா அதில் சாய்ந்து நின்றார்.

"ஆரப்பா அது?" என்றார் அப்பா உள்ளேயிருந்து.

"தண்ணிக்காரன்" என்றார் அம்மா. "போயிட்டான்."