அந்தோனிப்பிள்ளை சொல்லாத அபிப்பிராயம்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றில் நிருபராக இருந்தேன். உண்மையான கடற்படையினரே நடித்த சண்டைப் படம் ஒன்று நகருக்கு வந்தது. பார்த்தவர்களின் அபிப்பிராயங்களைக் கேட்டு எழுதச் சொன்னார் ஆசிரியர்.

படம் விட்டு வந்த கொழும்புத்துறை மீனவர் அந்தோனிப்பிள்ளையை வாசலில் மறித்தேன்.

"எப்பிடி அண்ணை படம்?"

"கப்பல் வடிவுதான் தம்பி. ஆனா தண்ணிக்கை விழுந்தவன் எழும்பி வந்து சிரிக்கிறான். கடல் ஆரையும் அப்பிடித் திருப்பித் தராது."

இது பத்திரிகைக்கு உதவாது என்று நினைத்தேன். "இவ்வீரர்களைக் கண்டபின் என் மகனையும் மனமுவந்து அனுப்புவேன்" என்று அவர் பெயரில் எழுதிக் கொடுத்தேன். அப்படி எழுதுவது எங்களுக்கு வழக்கம். ஒருவரும் வந்து கேட்டதில்லை.

சில மாதங்களின் பின் அவர் காரியாலயத்துக்கு வந்தார். கையில் அந்தப் பத்திரிகைத் துண்டு இருந்தது. கடற்படையில் சேர மகன் யோசேப்பு அனுமதி கேட்டு அவர் மறுத்த நாளிலிருந்து இருவரும் முகம் பார்த்துக் கதைத்ததில்லையாம்.

"அப்பு பேப்பரிலை சம்மதிச்சிட்டார் எண்டு சொல்லி உந்தத் துண்டைத் தாயிட்டைக் காட்டினவன். நான் கடலாலை வர முன்னம் போயிட்டான். நேற்றுத் தந்தி வந்தது. கப்பலோடை கடலுக்கை மூழ்கிப் போனானாம்."

அவர் துண்டை நீட்டினார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது தம்பி. கடலைப் பற்றி நான் சொன்னது இதிலை எங்கை இருக்கு? ஒருக்கால் வாசியும்."

அன்றிலிருந்து ஒருவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். யோசேப்புக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.