டெய்லரின் சாமந்தி

டெய்லருக்கு இரண்டு விஷயத்தில்தான் கர்வம். அவர் வெட்டிய காலர் எந்தக் கழுத்திலும் பிசகாமல் உட்காரும் என்பது ஒன்று. வீட்டுக்குப் பின்னால் அவர் வளர்த்த சாமந்தி இன்னொன்று. தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் மனைவிகூட வாசலுக்கு வருகிறவர்களிடம், "டெய்லர் செடிக்குப் பாடம் எடுக்கிறார், கொஞ்சம் இருங்க" என்பாள்.

கடை திறக்கும்வரை அவர் பாத்தியில்தான் குந்தியிருப்பார். பூத்து ஓய்ந்த செடியை ஒட்ட நறுக்கிவிட்டு, அடியில் கிளம்பும் இளங்கன்றுகளைப் பிரித்து மணலில் ஊன்றுவார். வேர் பிடித்துச் சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுவார். கிள்ளக் கிள்ளத்தான் செடி பக்கவாட்டில் கிளைக்கும். அதற்குக் கத்தரியை எடுக்கவே மாட்டார். "கத்தரி துணிக்கு, நகம் செடிக்கு" என்பார். வளர்ந்த தண்டுகளுக்குக் குச்சி நட்டு, கடையில் மிஞ்சிய துண்டுத்துணியால் கட்டுவார். காற்றடித்தால் பூவும் கோடு போட்ட சட்டைத்துணியும் ஒன்றாக ஆடும்.

"என்னை ஒரு நாளாவது இப்படி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கீங்களா?" என்று மனைவி கேட்பாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்தக் கேலிக்கு மட்டும் அவர் சிரிப்பார்.

முதலில் வெடித்தது வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். தோல் தடித்து, பாளம் பாளமாகப் பிளந்தது. ஒரு வெள்ளைச் சட்டையில் ரத்தப் பொட்டு விழுந்தபோதுதான் டெய்லர் பயந்தார். துணி துவைக்கும் சோப்புதான் காரணம் என்றார். மனைவி சோப்பை மாற்றினாள். பிறகு சமையல் எண்ணெய் என்றார், அதையும் மாற்றினாள். கடைசியில் அவள் கைப்பக்குவமே சரியில்லை என்றார். அவளால் மாற்ற முடியாதது அது ஒன்றுதான்.

இமை தடித்துக் கழுத்து சிவந்த பிறகு கடைக்கு வருகிறவர்கள் ஓரடி தள்ளி நின்றார்கள். ஒட்டுவாரொட்டியோ என்று அவர் காதுபடவே ஒருவர் கேட்டார். அளவு கொடுத்துவிட்டுப் போனவர்கள், "அவசரமில்ல டெய்லர், உடம்பைப் பாருங்க" என்று சொல்லித் துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள்.

ஒரு நாள் மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"கோவிச்சுக்காதீங்க. மழை விடாம பெஞ்சப்ப நீங்க செடிகிட்டயே போகல. கை ஆறிப்போச்சு. மழை விட்டுத் திரும்பக் கிள்ள ஆரம்பிச்சீங்க, திரும்ப வெடிச்சிருச்சு. எனக்கென்னவோ அந்தச் செடி மேலதான் சந்தேகம்."

"இந்த வீட்ல உசுரோட வளர்றது அது ஒண்ணுதான். அதுலயும் மண்ணள்ளிப் போடப் பாக்குறியா?" என்றார் டெய்லர். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பெத்து வளர்க்கத் துப்பில்லாதவளுக்கு அது கண்ணை உறுத்தத்தான் செய்யும்."

அவள் அடுப்பை அணைத்தாள். மறுநாள் காலை ஒரு பையோடு நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கோபம் ஆறினால் வருவாள் என்று அவர் இருந்தார். தானே சமைத்தார், தானே துவைத்தார். சாப்பாட்டிலும் துணியிலும் அவள் கை படாமல் போன பிறகும் புண் கூடிக்கொண்டே போனது. அப்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை. மொட்டு விடும் பருவம் வேறு. ஒரு தண்டுக்கு ஒரு மொட்டை நிறுத்திவிட்டு மற்றதையெல்லாம் கிள்ளிப் போட்டார். அந்த வருஷம் பூத்ததுபோல் என்றைக்கும் பூத்ததில்லை. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். அதைப் பார்க்க அவருக்குக் கண் திறக்கவில்லை. இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டன. பக்கத்துக் கடை இஸ்திரிக்காரர்தான் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

தோல் டாக்டரம்மா அவர் தொட்டுப் புழங்கும் பொருள்களையெல்லாம் கொண்டுவரச் சொன்னார். சோப்பு, துணிச்சாயம், சாமந்தி இலை என்று ஒவ்வொன்றிலும் துளியெடுத்து முதுகில் ஒட்டினார். இரண்டு நாள் கழித்துப் பிரித்தபோது இலை ஒட்டிய இடம் மட்டும் கொப்பளித்து நீர் கோத்திருந்தது.

"இனி அந்தச் செடி இருக்கிற பக்கமே போகக் கூடாது. அதோட தூசி காத்துல வந்தாலே போதும்."

"இத்தனை வருஷமா ஒண்ணும் பண்ணலையே டாக்டர்?"

"இத்தனை வருஷமா தொட்டதாலதான் இப்ப பண்ணுது."

"கொஞ்ச நாள்ல பழகிடாதா?"

"பழகாது. போகப்போகக் கூடத்தான் செய்யும்."

வீக்கம் வடிந்ததும் டெய்லர் மச்சான் வீட்டுக்குப் போனார். மனைவி வாசலுக்கு வந்து அவர் முகத்தைப் பார்த்தாள். தொடப்போவதுபோல் கை எழுந்தது. பிறகு இறங்கிவிட்டது.

"நீ சொன்னதுதான் சரி. செடிதான் காரணமாம். வா, வீட்டுக்குப் போகலாம்."

"கை வெடிச்சதுக்குக் காரணம் டாக்டர் கண்டுபிடிச்சிட்டாங்க. அன்னிக்கு அந்த வாய் பேசுச்சே, அதுக்கு யார்கிட்டப் போய்க் காரணம் கேக்கறது?"

டெய்லர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே மச்சான் தொண்டையைச் செருமினார். மனைவி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"செடிய நீங்க பிடுங்காதீங்க. ஆள் வெச்சுச் செய்ங்க. திரும்ப முகம் வீங்கிடும்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இஸ்திரிக்காரர்தான் மண்வெட்டியோடு வந்தார். "பூவோட இருக்கே டெய்லர். வாடினப்புறம் எடுக்கலாமே?" என்றார். "இப்பவே எடுங்க" என்றார் டெய்லர். மூடிய ஜன்னலின் கண்ணாடிக்குப் பின்னால், மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு கடைசிச் செடி வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

கை மெல்ல ஆறியது. ஆனால் விரல்நுனி மரத்துவிட்டது. ஊசி அவர் பிடியில் நிற்கவில்லை. துணி வெட்டிக் கொடுப்பதோடு சரி, தைக்க வேறு ஆள் வைத்தார்.

ஒருமுறை அவர் காய்ச்சலில் கிடந்ததைக் கேள்விப்பட்டு மனைவி வந்தாள். சமைத்தாள், போர்வையைத் துவைத்துக் காயப்போட்டாள், மாத்திரையைக் கையில் கொடுத்து விழுங்கும்வரை நின்றாள். பொழுது சாய்ந்ததும் பையை எடுத்தாள்.

"இருந்துட்டுப் போயேன்" என்றார் டெய்லர்.

"சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். சூடா இருக்கும்போதே சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.