பளபளத்த குழாயும் தமிழ்ச்செல்வியின் துகள்களும்

தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரியின் மருந்து ஆராய்ச்சி லேபில் நான் சீனியர் டெக்னீசியன். கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. அதனால் சுத்தம் என்று வந்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அது ஒரு பெண்ணின் மூன்று வருஷ உழைப்பை விழுங்கப் பார்த்தது.

தமிழ்ச்செல்வி குடவாசல் பக்கத்துப் பெண், எங்கள் ஆராய்ச்சி மாணவி. அவள் அப்பா குத்தகை நிலத்துக்காக வழக்காடிக்கொண்டிருந்தார். ஆட்சி மாறியது, தாசில்தார்கள் மாறினார்கள், வாய்தா மட்டும் நிற்கவில்லை. "வீட்டுல ரெண்டு கேஸ் சார். அப்பாவோடது ஒண்ணு, என்னோடது ஒண்ணு" என்பாள்.

புற்றுநோய் மருந்தை ஏற்றிச் செல்லும் நானோ துகள்தான் அவள் கேஸ். ரத்தத்தில் போகும்போது துகள் மூடியே இருக்க வேண்டும். புளிப்பு கூடுதலாக உள்ள புற்று செல்லுக்குள் போனதும் திறந்து மருந்தைக் கொட்ட வேண்டும். வழியெல்லாம் கசியாமல், சேர வேண்டிய வயலில் மட்டும் திறக்கிற மடை என்று அப்பாவுக்குச் சொல்லிப் புரியவைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை ரிவ்யூ. வெளியூர் நிபுணர்கள் திருப்திப்படாவிட்டால் ஃபெல்லோஷிப் நின்றுவிடும், ஆராய்ச்சியும் அதோடு சரி. செவ்வாய்க்கிழமை அவள் துகள்களைக் கழுவி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தாள். மருந்து சிவப்பு நிறம். அது துகளோடு அடியில் தங்கி, மேல்தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். மேல்தண்ணீரும் சிவந்திருந்தது; மருந்து கசிந்துவிட்டது. புதனன்று மறுபடி செய்தாள், அன்றும் அதே சிவப்பு.

நான் சும்மா இருந்தேனா? கை சுத்தம் போதாது, அவசரம் ஜாஸ்தி என்று லேபே கேட்கும்படி பேசினேன். வியாழக்கிழமை காலை கைடு மேடம் ரிவ்யூவிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்டார். தமிழ்ச்செல்வி மத்தியானம் வரை டைம் கேட்டாள். பஃபர், மீட்டர், கெமிக்கல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் என் டிஸ்டில்டு வாட்டர் டிரம் முன்னால் நின்றாள்.

"என் தண்ணியவா சந்தேகப்படுற?" என்று எகிறினேன்.

அவள் டிரம்மின் மூடியைத் திறந்து மேலாகத் தண்ணீர் மொண்டு, புளிப்பைக் காட்டும் பிஹெச் தாளை நனைத்தாள். ஒன்றும் தப்பில்லை. பிறகு குழாயைத் திறந்து இன்னொரு தாளைப் பிடித்தாள். தாள் ஆரஞ்சு நிறமானது, புளிப்புக்கு அடையாளம்.

"சார், இந்தக் குழாயை எதால தேய்ச்சீங்க?"

பித்தளைக் குழாயை எதால் தேய்ப்பார்கள்? நிபுணர்கள் வருகிறார்களே, லேப் பளிச்சென்று இருக்கட்டும் என்று திங்கட்கிழமையிலிருந்து தினமும் காலையில் புளி போட்டுத் தேய்த்திருந்தேன். குழாய் வாய்க்குள் சக்கை அப்பியிருந்தது. டிஸ்டில்டு வாட்டரில் துளிப் புளி கலந்தாலே போதும். துகள் புற்றுக்குள் வந்துவிட்டதாக நினைத்து நியாயமாகத் திறந்திருக்கிறது. அந்த நேரத்தில் எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"மேடம்கிட்ட தண்ணி சரியில்லைன்னு மட்டும் சொல்லிக்கிறேன் சார்" என்றாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. நானே போய், புளி சமாச்சாரம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் என்னைத் திட்டவில்லை. அவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடுதான் அதைவிட மோசம்.

அன்று மாலைக்குள் புதுத் தண்ணீரில் கழுவிய துகள் கசியாமல் நின்றது. மறுநாள், புளிப்பில் துகள் நிச்சயமாகத் திறக்குமா என்று ஒரு நிபுணர் கேட்டார். தமிழ்ச்செல்வி கெட்டுப்போன அந்த இரண்டு டியூபையும் எடுத்து நீட்டினாள். "நாங்க திறக்கச் சொல்லாமலே திறந்துச்சுங்க." ஃபெல்லோஷிப் நீடித்தது.

லேபில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: அடுத்தவர் கையைக் குறை சொல்லும் முன் உங்கள் தண்ணீரில் ஒரு தாளை நனைத்துப் பாருங்கள்.

நான் ஓய்வு பெற்ற அன்று டாக்டர் தமிழ்ச்செல்வி ஒரு பார்சல் கொடுத்தாள். உள்ளே அரைக் கிலோ புளி. கூடவே ஒரு சீட்டு: "சார், இது வீட்டுக்கு மட்டும்."