நாலு பக்கத்துச் சராசரி

தண்ணீர் மதகுக்குள் எப்படிப் போகும் என்று தாளில் கணக்குப் போடுவதெல்லாம் ஒரு உத்தியோகமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதவில்லை; என்னைப் போல எழுதி எழுதி அழித்துக் கை ஓய்ந்த உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ரப்பர் தூள்

அறுபதுகளில் சேலத்தில் எங்கள் டிசைன் ஆபீஸ். தாள் முழுக்கக் கட்டம். ஒவ்வொரு மூலையிலும் நீரோட்டத்தைக் குறிக்கிற ஒரு நம்பர். அது தன்னைச் சுற்றியுள்ள நாலு நம்பர்களின் சராசரியாக இருக்க வேண்டும். தண்ணீரை அமுக்கி ஒளித்து வைக்க முடியாதல்லவா, வந்தது அத்தனையும் போயாக வேண்டும். முதலில் குத்துமதிப்பாக எழுதி, பொருந்தும் வரை சுற்றிச் சுற்றித் திருத்துவோம்; ஒன்றைத் திருத்தினால் பக்கத்திலுள்ளது கெடும். ஒரு மதகுக்கு எனக்குப் பன்னிரண்டு நாள் ஆகும்.

புதிதாய் வந்த லூர்துமேரி நாலே நாளில் முடித்துவிட்டாள். தினமும் புதுச்சத்திரத்திலிருந்து பஸ் ஏறி வருகிற சீனியர் நான், வயிறு எரியாதா? இன்ஜினீயர் இருவர் தாளையும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "உங்க தாள்ல நம்பரை விட ஓட்டைதான் ஜாஸ்தியா இருக்குதுங்க."

டிபன் வேளை

மெட்ராஸில் கம்ப்யூட்டர் பயிற்சிக்கு எங்களில் ஒருவரை அனுப்பப்போவதாகப் பேச்சு வந்தது. அந்த ஒருவர் நானாகத்தான் இருக்க வேண்டும். அவள் கை கழுவப் போன நேரத்தில் தாளை எட்டிப் பார்த்தேன். பத்து கூட்ட வேண்டிய இடத்தில் பதினைந்து கூட்டியிருந்தாள். ஓகோ, வேண்டியதற்கு மேலேயே தள்ளிவிட்டால் வேலை சீக்கிரம் முடிகிறது! வாசலில் நின்ற பியூன் சொன்னார்: "ஏனுங்க, அது உங்க மேசை இல்லீங்களே."

மூன்று மடங்கு

ஒன்றரை மடங்குக்கு நாலு நாள் என்றால் மூன்று மடங்குக்கு இரண்டே நாள் என்று முடிவு கட்டினேன். பத்துக்கு முப்பது கூட்டினேன். அடுத்த சுற்றில் இருபது குறைக்க வேண்டியிருந்தது, அறுபது குறைத்தேன். நம்பர்கள் கட்டத்துக்குள் எழுத இடமில்லாமல் வளர்ந்தன. அப்படியும் விடவில்லை. அவளுக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும் என்ற வெறியில் நீரோட்டக் கோடுகளை வரைந்து நீட்டினேன். இன்ஜினீயர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்: "இந்தக் கணக்குப்படி தண்ணி கரட்டு மேடு ஏறிப் போகுதுங்களே, சாமி!"

ஜங்ஷன்

உத்தரவு அவள் பெயருக்கு வந்தது. வழியனுப்பப் போன இடத்தில், பொறாமை தாங்காமல் கேட்டேவிட்டேன், ஒன்றரை மடங்கோடு நிறுத்த வேண்டும் என்று எப்படித் தெரிந்தது என்று. "ரெண்டு மடங்குக்கு மேல போனா கட்டுக்கடங்காதுண்ணா, நானும் தப்பாப் போட்டுப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பேனே."

தண்ணீர் போகிற வழியை ஊருக்கெல்லாம் சொன்ன எனக்கு, பக்கத்து மேசையில் ஒரு வார்த்தை கேட்க மட்டும் வாய் வரவில்லை.