தூக்கக்கூடிய நாய்களுக்கு மட்டும்

கடல் பார்க்கப் போகிறோம் என்று சொல்லித்தான் அம்மா என்னையும் பீமனையும் ஆம்னி வேனில் ஏற்றினாள். அரையாண்டு விடுமுறை தொடங்கிய மறுநாள். எனக்கு ஒன்பது வயது. பீமன் எங்கள் நாய், கிரேட் டேன் வகை. நின்றால் அவன் முதுகு என் நெஞ்சுக்கு வரும். பின் சீட்டை மடக்கி அவனைப் படுக்க வைத்த பிறகு மிஞ்சிய இடத்தில் மூன்று பெட்டிகளும் மிக்ஸியும் குக்கரும் என் மதிப்பெண் அட்டைகள் இருந்த ஃபைலும் ஏறின. கடலுக்கு எதற்குக் குக்கர் என்று கேட்டேன். பீமனுக்குச் சோறு பொங்க வேண்டாமா என்றாள் அம்மா. அவன் சாப்பிடும் அளவு எனக்குத் தெரியும் என்பதால் நியாயமாகவே பட்டது.

அப்பா வேலைக்குப் போன பிறகு வேலூரிலிருந்து கிளம்பி, மத்தியானம் புதுச்சேரி வந்து சேர்ந்தோம். வழியில் அம்மாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. திண்டிவனத்தில் அதை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டாள்.

முதலில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். பீமன் எங்களை முந்திக்கொண்டு உள்ளே போய், வரவேற்பு மேசை மேல் முகத்தை வைத்தான். அங்கே இருந்தவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து, முதுகு சுவரில் முட்டிய பிறகு, நாய்க்கு இடமில்லை என்றார்.

அடுத்த லாட்ஜில் நான் ஒரு யோசனை சொன்னேன். பீமன் வேனிலேயே இருக்கட்டும், முதலில் அறையைப் பிடிப்போம், அவனைப் பற்றி அப்புறம் மெல்லச் சொல்லிக்கொள்ளலாம். மேசையில் இருந்தவர் அம்மாவின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சார் பின்னால் வருகிறாரா என்று கேட்டார். நானும் மகளும்தான் என்றாள் அம்மா. அவர் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, அறையெல்லாம் நிரம்பிவிட்டது என்றார். அவர் தலைக்குப் பின்னால் பலகை நிறையச் சாவிகள் தொங்கின.

ஏன் இப்படிச் சொல்கிறார்கள் என்று வெளியே வந்து கேட்டேன். பீமனை ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள் என்றாள் அம்மா. தலையை உள்ளே வைத்துக்கொண்டு இருக்கத் தெரியாதா என்று நான் அவனைத் திட்டினேன். மூன்றாவது இடத்திலும் இதேதான் நடந்தது. இரண்டாம் முறையும் திட்டு வாங்கிய பீமன் என் காதை நக்கினான்.

நான்காவது இடம் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. செல்லப்பிராணிகளை வரவேற்கிறோம் என்று வாசலில் பலகையே வைத்திருந்தார்கள். வரவேற்பிலிருந்த அக்கா எங்களோடு வாசல் வரை வந்து பீமனைப் பார்த்தார். பிறகு வருத்தத்தோடு, தூக்கிக்கொண்டு போகக்கூடிய நாய்களுக்கு மட்டும்தான் அனுமதி என்றார்.

எனக்கு அதில் ஒரு வழி தெரிந்தது. பீமனின் வயிற்றுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன். விளையாட்டு என்று நினைத்து அவன் முன்னங்கால்களை என் தோள் மேல் போட்டான். இருவரும் தெரு ஓரத்து மணல் குவியலில் விழுந்தோம். அம்மா சிரித்தாள். வேன் படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் நீர் வந்துகொண்டிருந்தது. ரொம்பச் சிரித்தால் அப்படித்தான் ஆகும் என்று நினைத்தேன்.

பர்தா அணிந்து, காய்கறிப் பையோடு வந்துகொண்டிருந்த ஓர் அம்மாள் எங்களைப் பார்த்து நின்றார்.

"அடிபட்டுச்சா பாப்பா?"

நான் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எங்கள் நாயை யாருமே சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள் என்றேன். அவர் பீமனைப் பார்த்தார், வேனுக்குள் இருந்த பெட்டிகளையும் குக்கரையும் பார்த்தார், கடைசியாக அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு, பக்கத்துத் தெருவில் அவரும் வீட்டுக்காரரும் நாலு அறை வைத்து ஒரு சின்ன லாட்ஜ் நடத்துவதாகச் சொல்லி எங்களை அழைத்துப் போனார்.

அவர் வீட்டுக்காரரான ஐயா வாசலிலேயே தயங்கினார். கீழே தொழுகிற இடம் இருக்கிறது, நாய் உள்ளே வரக்கூடாது என்றார். மாடி அறைக்குத்தான் வெளியே தனியாகப் படி இருக்கிறதே என்றார் அவர் மனைவி. ஐயா கொஞ்சம் யோசித்தார். தடுப்பூசி போட்டாயிற்றா என்று விசாரித்தார். அம்மா அட்டையைக் காட்டினாள். அவர் உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, படிக்குக் கீழே வைத்துவிட்டு, பீமன் குடித்து முடிக்கும் வரை தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் பதிவேட்டைத் திறந்தார்.

"வூட்டுக்காரரு அப்புறமா வருவாரா தங்கச்சி?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "வரமாட்டாருக்கா."

அப்பாவுக்கு லீவு கிடைத்திருக்காது என்று நான் நினைத்தேன். "சரி. நாயி மட்டும் உள்ள வராம பாத்துக்கம்மா," என்று அந்த அம்மாள் பேனாவை நீட்டினார்.

அன்றைக்கு எங்களைத் திருப்பி அனுப்பிய எல்லோரும் பீமனைத்தான் வேண்டாம் என்றார்கள் என்று பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். பழியை அவன் மேல் போட்டு, அம்மா எனக்கு ஒரு நாள் விடுமுறையை மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். புதுச்சேரியை ஒட்டிய உழவர்கரையில் ஒரு பள்ளியில் அவளுக்கு வேலை உறுதியாகியிருந்ததும், அங்கேயே எனக்கும் இடம் கேட்டு வைத்திருந்ததும் பிறகுதான் தெரிந்தன.

அம்மா பதிவேட்டில் எங்கள் பெயர்களை எழுதினாள். வந்த தேதியை எழுதினாள். புறப்படும் தேதி என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அவள் மறந்துவிட்டாள் என்று நான் சொன்னேன். பள்ளி திறக்கும் நாள் எனக்குத் தெரியும், நானே எழுதட்டுமா என்றும் கேட்டேன்.

"காலியாவே இருக்கட்டும் பாப்பா," என்று அந்த அம்மாள் பதிவேட்டை மூடினார்.

இவ்வளவு கவனக்குறைவாக ஒரு லாட்ஜை எப்படித்தான் நடத்துகிறார்களோ என்று நினைத்துக்கொண்டே நான் பீமனோடு மாடிப்படி ஏறினேன்.