சந்தனம் பூசிய கால்குலேட்டர்

விரல் விட்டுக் கூட்டி முடித்த பிறகுதான் செங்கமலம் கால்குலேட்டரைத் தட்டுவாள். இரண்டு விடையும் ஒன்றாக வந்துவிட்டால் அதன் முதுகில் செல்லமாக ஒரு தட்டு. "பரவால்லியே, நீயும் தேறிட்டே!"

பென்னலூர் பாண்டுரங்கனின் பெண்களில் கடைக்குட்டி அவள். காஞ்சிபுரத்தில் பி.காம். படிக்கிறாள். சேரப்பணஞ்சேரியில் வாழ்க்கைப்பட்ட அக்கா அம்சவல்லியின் புருஷன் ரகுபதி, பர்மா பஜாரில் ஆசையாக வாங்கிவந்த மிஷின் அது. பேட்டரி கிடையாது, வெளிச்சம் பட்டால் ஓடும். "இன்னா மாமா, இதுக்குச் சோறே போட வேணாமா?" என்று அன்றைக்கெல்லாம் சிரித்துத் தீர்த்தாள்.

வரவும் பற்றும் இரண்டு பக்கமும் சமமாக வந்துவிட்டால் அவளுக்குக் கல்யாணக் களை. "ஒட்டிக்கிச்சுடி!" என்று அவள் கூவினால் வகுப்பே திரும்பும்.

இந்தத் தேர்வில் கணக்கில் முதலாவதாக வருகிறவளை, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனி ஆபீசில் புதிதாக வந்திறங்கிய கம்ப்யூட்டரைப் பழக அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே ஒருத்திதான். செங்கமலத்துக்கும் கூடப் படிக்கும் காந்திமதிக்கும் போட்டி. அந்தப் பெட்டியைத் தொட்டுவிட வேண்டுமென்று செங்கமலத்துக்குத் தூக்கத்திலும் அதே பேச்சு.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. அரிவாள்மணை, சைக்கிள், கால்குலேட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு. மிஷினின் உச்சியில் கறுப்பாக ஒரு பட்டை இருந்தது. அதுதான் நெற்றி என்று முடிவுகட்டி, சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்தாள். படைத்ததை இடையில் தொடக் கூடாதென்று, தேர்வன்று காலையில்தான் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

தேர்வு அறையில் ஜன்னலோர இடம். தட்டினாள். எண் வரவில்லை. உலுக்கினாள், ஊதினாள். "அடியே, மானத்த வாங்காதே!" கெஞ்சியும் பார்த்தாள். பிறகு விரலையே நம்பி இறங்கிவிட்டாள். கடைசியில் கணக்கு ஒட்டிக்கொண்டது. கூவ வந்த வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தப் பக்கம் வந்த சுந்தராம்பாள் மேடம் மிஷினைத் தூக்கிப் பார்த்தார். "என்னடி இது, வெளிச்சம் போற வழிய மொழுகி வச்சிருக்கே?"

"நெத்தின்னு நெனச்சேன் மேடம்!"

அறையே சிரித்தது. மேடம் நகத்தால் சுரண்ட, பூஜ்யம் ஒன்று எட்டிப் பார்த்தது.

பக்கத்தில், மிஷின் இல்லாத காந்திமதி மட்டும் சிரிக்கவில்லை. ஒட்டாத கணக்கை அழித்து அழித்துத் தாளே கிழிந்துகொண்டிருந்தது.

"மேடம், இத்த இவளுக்குக் குடுக்கட்டா?" என்றாள் செங்கமலம்.

மேடம் தலையசைத்தார்.

"லூசாடி நீ? நான் முந்திக்குவேன்," என்றாள் காந்திமதி.

"முந்திக்கோ. மொதல்ல ஒட்ட வை."

மிஷினை அவள் பக்கம் தள்ளிவிட்டு, தன் நிழல் அதன்மேல் விழாமல் செங்கமலம் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.